ஒட்டுக்குக் கீழே ஒரு மரம்



புவனகிரிக்குப் பக்கத்திலே ஒரு கிராமத்தில், வயதான ஓர் அம்மா வீட்டுத் தோட்டத்திலே கிணற்றோரமாக ஒரு சாத்துக்குடி மரம் வைத்திருக்கிறார்கள். நம்ம கடலூர்ப் பக்கத்தில் கொல்லை என்றால் முந்திரி போட்ட மேட்டு நிலம் என்று எடுத்துக்கொள்வீர்கள். நான் சொல்வது வீட்டுக்குப் பின்னாலே, பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற புழக்கடை. அந்த மரத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நல்லா இனிப்பா காய்ச்ச மரம் சார். பேரப்பிள்ளைங்க வந்தா இதைத்தான் புழிஞ்சு கொடுப்பேன். மூணு வருஷமா காய் மாறிப்போச்சு. தோலு மொத்தம், மேலெல்லாம் முண்டு முண்டா இருக்கு, வாயிலே வைக்க முடியல, அத்தனை புளிப்பு. பக்கத்து வீட்டு நாரத்தைப் பூவோட காத்து பட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. மெய்தானா சார்?" என்று கேட்டார்கள்.

மெய் இல்லை. பக்கத்து மரத்து மகரந்தம் விதைக்குள்ளே இருக்கிற கருவை மாற்றுமே தவிர, ஒரு சாத்துக்குடி மரத்தின் காயை ஜம்பேரிக் காயாக மாற்றிவிடாது. நான் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை ஒதுக்கிப் பார்த்தேன். ஒரு சாண் உயரத்தில் பட்டுப்போன ஒரு கட்டை இருந்தது. அதுதான் பழைய சாத்துக்குடி. அதற்கும் கீழே, மண்ணை ஒட்டிப் புறப்பட்ட ஒரு போத்துதான் இன்றைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மரமாக நிற்கிறது. மரம் மாறவில்லை. மேலே இருந்த மரம் செத்து, கீழே இருந்த மரம் தலையெடுத்துவிட்டது.

ஒட்டுக்கன்று என்று நாம் வாங்குவது ஒரு செடி அல்ல, இரண்டு செடி. கீழே வேரும் ஒரு சாண் தண்டும் ஒரு ஜாதி. அதை வேர்ச்செடி என்கிறோம். மேலே காய்க்கிற பாகம் வேறொரு ஜாதி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலே வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறதே, மரம் பருப்பது அந்தப் படலத்தால்தான். இரண்டு செடியின் படலமும் ஒன்றோடொன்று படும்படி வைத்துக் கட்டினால் இரண்டும் கூடிக்கொள்கின்றன. கூடிக்கொள்கின்றனவே தவிர, கலந்துவிடுவதில்லை. முப்பது வருஷம் ஆனாலும் ஒட்டுக்கு மேலே துளிர்ப்பது சாத்துக்குடிதான், கீழே துளிர்ப்பது ஜம்பேரிதான். இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் புழக்கடையில் ஒரு மரம் போகிறது. இதே விஷயத்தில் ஏமாந்து தேசங்களே லட்சக்கணக்கான மரங்களை இழந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஒட்டுக்கட்டுவது சீமையிலிருந்து வந்த வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை என்ற வடமொழி நூலில் மர வைத்தியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்தெந்த மரங்களைக் குச்சி வைத்து வளர்க்கலாம், ஒரு மரத்தின் கொம்பை இன்னொரு மரத்தின் வேரிலோ தண்டிலோ எப்படிப் பொருத்தலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார். வெட்டுவாயில் சாணம் பூசச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் பலா இருக்கிறது, மாதுளை இருக்கிறது, திராட்சை இருக்கிறது, பீஜபூரம் என்று வடமொழியில் சொல்லப்படும் நாரத்தையும் இருக்கிறது. பண்ருட்டிப் பலாவையும் நம் வீட்டு நாரத்தையையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார் பாருங்கள்.

ஆனால் கிராமத்திலே எலுமிச்சையை ஒட்டுக்கட்டி வளர்க்கும் வழக்கம் அவ்வளவாக இல்லை. விதை போட்டுத்தான் வளர்த்தார்கள். விதை போட்டாலும் தாய் மாதிரியே காய்த்ததால் ஒட்டுக்கு அவசியமும் ஏற்படவில்லை. மாங்கொட்டை போட்டால் பெரும்பாலான ஜாதிகளில் தாயைப் போல மரம் வராது, எலுமிச்சை விதையில் மட்டும் எப்படி வருகிறது?

இதற்கு விடை ஒரு டச்சுக்காரரிடமிருந்து தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடலூர் தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை போட்டுத் துணி வாங்கியவர்கள். நாம் பம்பளிமாசு என்கிற பழத்தை அவர்கள் பொம்பெல்மூஸ் என்கிறார்கள். பெயரை அவர்களிடமிருந்து நாம் வாங்கினோமா, நம்மிடமிருந்து அவர்கள் வாங்கினார்களா என்று மொழி படித்தவர்கள் இன்னும் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். அந்த நாட்டிலே லேவன்ஹூக் என்று ஒருவர், ஜவுளி வியாபாரி, தாமே கண்ணாடி தேய்த்துப் பூதக்கண்ணாடி செய்து எதையெடுத்தாலும் அதில் வைத்துப் பார்ப்பவர். அவர் 1719-இல் ஆரஞ்சு விதையை உரித்துப் பார்த்தபோது ஒரே விதைக்குள் இரண்டு கரு இருப்பதைக் கண்டார். பிற்பாடு ஆராய்ந்ததில், எலுமிச்சை, ஆரஞ்சு, ஜம்பேரி இவற்றின் ஒரு விதையில் பல கருக்கள் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் வந்தவை அல்ல, தாயின் திசுவிலிருந்தே உண்டானவை என்று தெரிந்தது. ஆகவே அவை தாயின் அச்சு. ஒரே மாதிரி வேர்ச்செடி நூற்றுக்கணக்கில் விதை போட்டே கிடைப்பதும் இதனால்தான். நாற்றங்காலில் மற்றவற்றை விட மிகக் குட்டையாகவோ, இலை வேறு மாதிரியாகவோ நிற்கிற ஒன்றிரண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டால் மீதி எல்லாம் ஒரு ஜாதி. நாரத்தைக்கும் பம்பளிமாசுக்கும் இந்தக் குணம் கிடையாது. அவற்றின் விதையில் ஒரே கருதான். ஆகவே அவற்றைப் பதியம் போட்டோ ஒட்டுக்கட்டியோதான் வளர்க்க வேண்டும்.

சரி, விதை போட்டாலே தாய் மாதிரி வரும் என்றால் ஒட்டு எதற்கு? இதற்குப் பதில் சொன்னது ஒரு பெரிய சாவு.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே அசோர்ஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆரஞ்சு போகும். எல்லாம் விதைக் கன்று மரங்கள். 1842-இல் அந்த மரங்களின் அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிய ஆரம்பித்தது. பட்டை அழுகியது, இலை மஞ்சளாகிக் கொட்டியது, மரம் நின்ற நிலையில் காய்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த நோய் போர்த்துக்கல், இத்தாலி என்று மத்தியதரைக் கடலோரம் முழுவதும் பரவியது. காரணம் பைட்டோப்தோரா என்கிற, மண்ணில் வாழும், பூஞ்சாணம் போன்ற ஒரு கிருமி. ஈர மண்ணில் அது நீந்தியே வந்து பட்டையைப் பிடிக்கும். கசப்பு ஆரஞ்சு மரம் மட்டும் அதற்கு அவ்வளவாக மசியவில்லை என்பதை விவசாயிகள் கண்டார்கள். உடனே கசப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் இனிப்பு ஆரஞ்சைக் கட்டினார்கள். தோட்டங்கள் பிழைத்தன.

இது எங்கேயோ நடந்த சமாசாரம் என்று எண்ணாதீர்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே தண்ணீர் கட்டி நிற்கும்போது புழக்கடை எலுமிச்சையின் அடியில் வடிகிற பிசினும் இதே ஜாதிக் கிருமியின் வேலைதான். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த கோடையில் நான் போன வீடுகளில் பல எலுமிச்சை மரங்கள் ஒரு பக்கமாகப் பட்டுக்கொண்டு வந்தன. ஒட்டு மண்ணுக்குள் புதைந்த மரங்களுக்குத்தான் அதிக சேதம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும். களிமண்காரர்கள்தான் மேட்டுப்பாத்தி கட்டி நட வேண்டும், ஒட்டு தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் மண்ணை வெட்டி மரத்தடியில் கொட்டி அணைக்கிறீர்களே, அது வாழைக்குச் சரி. ஒட்டு எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் அது கேடு.

இனி இரண்டாவது சாவு. கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடி உலகம் முழுவதும் பரவியது. தென் அமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா தோட்டங்கள் அதன்மேலேயே நின்றன. தென் ஆப்பிரிக்காவில் மட்டும் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேயே, கசப்பு ஆரஞ்சின்மேல் கட்டிய கன்றுகள் தேறவில்லை. அங்கத்திய விவசாயிகள் காரணம் தெரியாமலேயே அதைத் தள்ளிவிட்டு ஜம்பேரிக்கு மாறினார்கள். மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

பிரேசிலில் சாவோ பாவ்லோ மாநிலத்தில் 1937-இல் மரங்கள் வாட ஆரம்பித்தன. இலை வெளுத்தது, வேர் அழுகியது, காய் சிறுத்தது. அந்த ஜனங்கள் அதற்கு 'திரிஸ்தேசா' என்று பேர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் 'துக்கம்' என்று அர்த்தம். சுமார் 12 ஆண்டுகளில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள், அந்த மாநிலத்து ஆரஞ்சு மரங்களில் முக்கால் பங்கு, செத்துப்போயின. கணக்கை மட்டும் கேட்டால் மனசில் நிற்காது. நம் பக்கத்து முந்திரியெல்லாம், நான்கில் மூன்று மரம், ஒரு தலைமுறைக்குள் பட்டுவிட்டதாக நினைத்துப் பாருங்கள்.

காரணம் என்ன? 1946-இல் மெனெகினி என்ற பிரேசில் விஞ்ஞானி, அசுவினிப் பூச்சி மூலம் இது பரவுகிறது என்று நிரூபித்தார். கொழுந்தில் மொய்க்கிற அந்தப் பழுப்பு அசுவினி ஒரு வைரசைச் சுமந்து வந்தது. இதிலே வேடிக்கை என்னவென்றால், இனிப்பு ஆரஞ்சு தன் சொந்த வேரில் நின்றால் இந்த வைரசைத் தாங்கிக்கொள்ளும். கசப்பு ஆரஞ்சு தனியாக நின்றாலும் ஒன்றும் ஆகாது. இரண்டையும் ஒட்டுக்கட்டினால்தான் சாவு. வைரஸ் ஒட்டுக்குக் கீழே, இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குகிற பாதையை அடைத்துவிடுகிறது. வேர் பட்டினியில் சாகிறது. வேர் செத்தபின் மேலே இருக்கிறதும் காய்கிறது. மேலே இருப்பவர் நன்றாகத்தான் சம்பாதிக்கிறார், கீழே இருப்பவர் வாய்க்கு எட்டவில்லை. ஒரு நோயிலிருந்து காப்பாற்றிய அதே வேர்ச்செடி, இன்னொரு நோய்க்கு வாசலைத் திறந்துவிட்டது.

பிரேசில்காரர்களைத் தூக்கிவிட்டது எது தெரியுமா? நம் பக்கத்துக் காய். ரங்பூர் எலுமிச்சை. இன்றைக்கு வங்காள தேசத்திலே இருக்கிற ரங்பூர் என்ற ஊரின் பெயரால் வழங்குகிறது. பேர்தான் எலுமிச்சையே தவிர, பார்த்தால் கமலா ஆரஞ்சு போலச் சிவந்திருக்கும், வாயில் போட்டால் கண்ணை மூடவேண்டிய புளிப்பு. மரபணுவைப் படித்துப் பார்த்து அண்மைக் காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்: ரங்பூர், ஜம்பேரி இரண்டுமே கமலா இனமும் நாரத்தை இனமும் கலந்து பிறந்தவை. நம் எலுமிச்சைக்கும் நாரத்தையே தகப்பன், தாய் வேறு. உப்பில் ஊறப்போடுவதற்குத்தான் லாயக்கு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற நாரத்தை எத்தனை பெரிய குடும்பஸ்தன் பாருங்கள்!

ரங்பூர் வேர் திரிஸ்தேசாவைத் தாங்கியது, வறட்சியையும் தாங்கியது. பிரேசில் தோட்டங்களில் பெரும்பான்மை அதன்மேல் ஏறின. ஒரே வேர்ச்செடியின்மேல் ஒரு நாட்டையே ஏற்றிய தப்பை அவர்கள் இரண்டாம் முறையும் செய்தார்கள் என்றுதான் நான் சொல்லுவேன். 2001-ஐ ஒட்டி, ரங்பூரின்மேல் நின்ற மரங்கள் காயோடு திடீரென்று சாய ஆரம்பித்தன. 'திடீர்ச் சாவு' என்றே அதற்குப் பேர். இந்தத் தடவை அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். நிற்கிற மரத்தின் அடியிலேயே வேறு ஜாதி வேர்ச்செடிக் கன்றை நட்டு, அதன் தலையை வெட்டி, பழைய ஒட்டுக்கு மேலே தண்டில் நுழைத்துக் கட்டினார்கள். நம் மாமரத்துக்குச் செய்கிற நெருக்கு ஒட்டுக்கு இது அண்ணன் தம்பி மாதிரி. கீழ்வேர் செத்தாலும் புது வேர் மரத்தைத் தாங்கிக்கொண்டது.

நம் ராஜதானியிலும் இந்த ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. அன்றைய மதராஸ் மாகாணத்தில், கடப்பை மாவட்டம் கோடூருக்குப் பக்கத்து அனந்தராஜுப்பேட்டையில் 1935-இல் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கே.சி. நாயக் என்பவர் அங்கே பொறுப்பில் இருந்தார். சாத்துக்குடியைப் பலவகை வேர்ச்செடிகள்மேல் கட்டி, மரத்தின் பருமன், காய் எண்ணிக்கை, சாறு என்று ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். 1949-இல் அவர் தென்னிந்தியப் பழங்களைப் பற்றி எழுதிய பெரிய ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்காத தோட்டக்கலைக்காரர் அந்தக் காலத்தில் கிடையாது. வேர்ச்செடி என்பது மரத்தைத் தாங்கும் முட்டுக்கழி மட்டுமல்ல, காயின் ருசியிலும் தோலிலும்கூட அதற்குக் கை உண்டு என்பது இப்படிப்பட்ட பொறுமையான சோதனைகளால் தெரிந்ததுதான். ஜம்பேரி வேரில் மரம் சீக்கிரம் வளரும், சீக்கிரம் காய்க்கும், ஆனால் பழத்தோல் சற்றுத் தடிக்கும், சாறு சற்று நீர்த்துப்போகும். தண்ணீர் தேங்கினால் ஜம்பேரி வேர் தாங்காது. இன்றைக்கும் சாத்துக்குடிக்கு ரங்பூர், ஜம்பேரி இந்த இரண்டைத்தான் பெரும்பாலும் சொல்லுகிறோம். நம் நாட்டிலும் 1958-இல் விஞ்ஞானிகள் திரிஸ்தேசாவைக் கண்டுபிடித்து எழுதினார்கள். எலுமிச்சைக்கு இந்த வைரஸ் வேர்ச்செடி எதுவானாலும் ஆகாது. அதனால் நோயுள்ள மரத்திலிருந்து கண் எடுத்துக் கட்டினால், மரத்தோடு நோயையும் சேர்த்து நட்டவர்கள் ஆவோம்.

இப்போது என்னுடைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு விவசாயியின் வீட்டில் இரண்டு ஒட்டு சாத்துக்குடி இடுப்பளவில் முறிந்திருந்தன. இரண்டு மாதம் கழித்துப் போனபோது அடியிலிருந்து குச்சி குச்சியாகத் துளிர்த்திருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். "நல்லாத் துளுத்திருக்கு, எரு வையுங்க, தண்ணி விடுங்க, பழைய கட்டையை அறுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். குனிந்து பார்க்கவில்லை. நாலு வருஷம் அவர் எரு வைத்தார், தண்ணீர் விட்டார். காய்த்தது ஜம்பேரி. "நீங்க சொன்னபடிதான் சார் செஞ்சேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த நாலு வருஷத்தை அவருக்கு நான் எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பேன்? இடுப்பளவில் நின்ற அந்தப் பழைய கட்டையில், நான் அறுக்கச் சொன்ன அதே கட்டையில், உயிர் இருந்திருக்கலாம்.

ஆகவே குனிந்து பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் எத்தனை வயதானாலும் தெரியும். தண்டில் ஒரு வீக்கமோ, ஒரு வளைவோ, பட்டையின் நிறமும் சொரசொரப்பும் சட்டென்று மாறுகிற ஒரு கோடோ இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே நெட்டுக்குத்தாக வருவது நீர்ப்போத்து. அது காய்க்கிற ஜாதிதான், நெருக்கம் பார்த்துக் கழித்தால் போதும், மரம் முறிந்திருந்தால் அதிலிருந்தே புது மரத்தை எழுப்பலாம். கோட்டுக்குக் கீழே வருவது எதுவானாலும் வேர்ச்செடி. சாத்துக்குடியில் அடையாளம் சுலபம். சாத்துக்குடிக் கொழுந்து பச்சையாக இருக்கும், பூ வெள்ளை, இலைக்காம்பில் இரு பக்கமும் ஒல்லியாகச் சிறகு போல் இருக்கும். ஜம்பேரிக் கொழுந்தில் ஊதா படர்ந்திருக்கும், பூமொட்டின் வெளிப்புறமும் அப்படியே, காம்பில் சிறகு இருக்கிறதே தெரியாது. சந்தேகமாக இருந்தால் இரண்டிலும் ஒவ்வோர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், மூக்கு பொய் சொல்லாது.

கீழ்ப்போத்து விரல் நீளம் இருக்கும்போதே கட்டைவிரலால் ஒதுக்கிக் கிள்ளித் தள்ளிவிடுங்கள். கத்தியே வேண்டாம். பழுத்த போத்தாகிவிட்டால் மண்ணைத் தோண்டி அது புறப்படுகிற இடம் வரைக்கும் போய், தண்டோடு தண்டாக அறுக்க வேண்டும். தரைமட்டத்தில் அரிவாளால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனால் ஒன்றுக்கு நாலாக வரும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். வீட்டு உபயோகத்துக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே மண்சட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கரைத்து, பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவையில் ஓர் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்துச் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். இந்த மருந்துக்கும் ஒரு கதை உண்டு. பிரான்ஸ் தேசத்தில் போர்டோ பக்கத்துத் திராட்சைக்காரர்கள், வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்து வைப்பார்கள். தெளித்த கொடியில் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து செய்தது நோய்க்கு மருந்தானது.

மேல்மரம் அடியோடு செத்து, கீழ்ப்போத்துதான் மிச்சம் என்றால்? அப்போதும் கிணற்றோர மரத்தைத் தோண்டி எறிய வேண்டியதில்லை. பல வருஷம் ஊன்றின வேர் உயிரோடு இருக்கிறது. அதுவும் ஒரு சொத்து. புவனகிரி அம்மாவின் மரத்தில் அதைத்தான் செய்தோம். பெரிய போத்தை மார்கழி மழை ஓய்ந்த பிறகு முழங்கால் உயரத்தில் அறுத்தோம். புதிதாக வந்த துளிர்களில் ஆளுக்கொரு திசையாக நிற்கிற மூன்றை மட்டும் வைத்து மற்றதைக் கிள்ளினோம். அவை பென்சில் கனம் வரும் வரைக்கும் காத்திருந்தோம். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுப் பலர் கெடுக்கிறார்கள்.

பட்டை தானாகக் கழன்று கொடுக்கிற பருவம் பார்த்துக் கண் கட்ட வேண்டும். அடைமழையும் ஆகாது, அக்கினி நட்சத்திரமும் ஆகாது. பல வருஷம் நன்றாகக் காய்த்து, பிசின் நோயும் இலை வெளிறலும் இல்லாத ஒரு மரத்திலிருந்து உருண்டைக் குச்சி எடுத்து, இலையைக் கழித்துக் காம்பை மட்டும் விட்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன். போத்தில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி, ஓர் அங்குல நீளத்துக்குக் கீறி, பட்டையை இரு பக்கமும் நெகிழ்த்தி, கண்ணைக் கேடயம் போலச் சீவி உள்ளே செருகி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினோம். மூன்று வாரம் கழித்து அவிழ்த்தபோது மூன்றில் இரண்டு கண் பச்சையாக இருந்தது. தொட்டதும் காம்பு உதிர்ந்தால் பிடித்தது என்று அர்த்தம், காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் போயிற்று. பிடித்த கண்ணுக்கு மேலே போத்தை வளைத்துக் கட்டிவிட்டு, கண் ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் மேல்பாகத்தை அறுத்தோம். இப்போது ஒட்டு முழங்காலுக்கு மேலே நிற்கிறது. களிமண் ஊருக்கு அது இன்னும் நல்லது.

அதன் பிறகு அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரு தகராறு வந்தது. பிடிக்காமல் போன மூன்றாவது போத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். "ஊறுகாய்க்கு ஆவுது சார், ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்" என்றார்கள். ஜம்பேரியின் வேகம் அவர்களுக்குத் தெரியாது. இரண்டே வருஷத்தில் அது இளம் சாத்துக்குடியை நிழலில் போட்டு மறுபடியும் முழு மரத்தையும் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் பேசி, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். போத்தை அறுத்துவிடுவது. முன்பு பறித்து வைத்திருந்த ஜம்பேரிக் காயிலிருந்து விதை எடுத்து, காயவிடாமல் அன்றைக்கே மண்தொட்டியில் ஊன்றுவது. அதில் ஒன்றை வேலியோரம் நட்டால் ஊறுகாய்க்கு ஆச்சு. மற்றவை ஒரு வருஷத்தில் பென்சில் கனம் வரும், தெருவில் கேட்கிறவர்களுக்குக் கண் கட்டிக் கொடுக்கலாம்.

போன தடவை போனபோது தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். "பதினெட்டு வெதைதான் சார் போட்டேன். இருவத்தஞ்சு மொளைச்சிருக்கு. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு பேரன் சிரிக்கிறான்."